பின் சீட்டு பெல்ட்டைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

தம்பி,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். பட்டிப்பொல ரயில் ஸ்டேஷன் பக்கம் போய்வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தண்டவாளத்துக்கு அடியில் கல் தள்ளிக்கொண்டிருக்கிறாயாம், பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாயாம், கார் சத்தம் கேட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். ஸ்பேனர் பிடித்த கை இரண்டு வருஷமாக மண்வெட்டி பிடிக்கிறது. இந்த இரண்டு வருஷத்தில் உனக்கு நான் எத்தனையோ கடிதம் போட்டேன். கோயில் திருவிழா எப்படி நடந்தது, யார் வீட்டில் என்ன விசேஷம், மழை எவ்வளவு பெய்தது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை இன்றைக்கு எழுதுகிறேன்.

உன் பேருக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. ஹட்டனில் அச்சாகிற மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன்னைப் பற்றி ஊர் பேசியது ஒட்டிய உறைக்குள்ளே இல்லை. கடைத்தெருவிலும் பஸ் நிற்கிற இடத்திலும் கோயில் வாசலிலும் பேசினார்கள். பதிலும் அங்கேயே போய்ச் சேரட்டும். பத்திரிகைக்காரப் பிள்ளை, "அத்தை, ஒங்க பேச்சுத் தமிழ கொஞ்சம் திருத்திப் போட்டுக்கிறோம்" என்றது. "எழுத்தத் திருத்திக்க ராசா, நான் செஞ்சதத் திருத்திராத" என்று சொல்லிவிட்டு வந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். வாய் நீளம் என்று எல்லாரும் என்னைச் சொல்வார்கள். அந்த நீள வாய் பேச வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டது.

உன்னைப் பெற்றவள் என் அக்கா. நீ ஆறு வயசில் என் இடுப்புக்கு வந்தவன். எனக்கென்று பிள்ளை இல்லை. உன்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதுவும் முழு உண்மையில்லை. உனக்கு எட்டு வயசில் காய்ச்சல் ஏறிக் கிடந்தபோது மருந்து கொடுக்கிற தோட்டத்து டிஸ்பென்சருக்கு ஆள் அனுப்பாமல் மூன்று நாள் வேப்பிலையும் விபூதியுமாக வைத்திருந்தேன். நாலாம் நாள் உனக்குக் கண் சொருகிவிட்டது. அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்துக்கொண்டாய். நான் என்ன பாடம் படித்தேன் என்று கேட்கிறாயா? வேப்பிலைதான் உன்னைக் காப்பாற்றியது, மருந்து பேருக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கே என் புத்தியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாமி மேல் நம்பிக்கை வைத்தது தப்பில்லை தம்பி. சாமிக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேனே, அதுதான் தப்பு.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்கே கப்பலேறியபோது பங்களாவுக்குப் பின்னால் கோழி அடைய விட்டுப்போன கார் அது. உலக யுத்தத்துக்கு ரொம்ப முந்தியது. கறுப்பு நிறம், பெரிய மட்கார்டு, பின் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம், தரை முழுக்கப் பலகை. நீ கராஜில் வேலை பழகி நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. கோழி எச்சத்தோடு அதைக் கட்டி இழுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து உயிர் கொடுத்தாய். அது முதல் தடவை உறுமினபோது நான் தேங்காய் உடைத்தேன். டாஷ் பலகையில் முருகன் படம் வைக்கச் சொன்னேன். ஹட்டன் ரோட்டில் அந்தக் கார் போனால் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு அது எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, தெரிந்தவர் யாராவது ரோட்டில் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

பெல்ட் எண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தோட்டத்துக்கு வந்த புதுச் சின்னதுரையின் கார் வளைவில் வழுக்கித் தேயிலைக்குள் உருண்டுபோனது. கராஜிலிருந்து வடக்கயிறும் ஆளுமாக உன்னை அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். "செத்துட்டாரா?" என்று கேட்டேன். "இல்ல சின்னம்மா. கார் கவுந்து கெடக்கு. அந்தாளு பெல்ட்ல தலகீழா தொங்கிக்கிட்டே எங்கிட்ட சிகரெட்டு கேட்டாரு" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதம் கொழும்புக்குப் போய், யுத்த காலத்து ஏரோப்பிளேன்களை உடைத்து விற்கிற பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய பச்சைப் பட்டையும் கொக்கியுமாகக் கொண்டுவந்தாய்.

எவ்வளவு கேலி செய்தோம் உன்னை! கராஜ் பாஸ், "என்னடா, கார்ல ஏத்தப்போறது ஆளயா ஆட்டயா?" என்றார். நான் மட்டும் என்ன, "முருகன் படம் இருக்குற கார்ல இது எதுக்குடா? அவர் பாத்துக்க மாட்டாரா?" என்று கேட்டேன். நீ திருப்புளியைக் கீழே வைக்காமலே சொன்னாய்: "முருகன் படத்தயே நாலு திருகாணி போட்டு இறுக்கச் சொன்னது நீங்கதானே சின்னம்மா. விழுந்துருவாருன்னு." பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நான் பேசாமலிருந்த ஒரு சில நாட்களில் அவையும் சேர்த்தி.

முதலில் பட்டையைச் சீட்டின் மரச்சட்டத்திலேயே ஆணி போட்டுப் பொருத்தினாய். ஆளை வைத்துப் பார்க்கப் பயந்து, ஒரு மூட்டை அரிசியைச் சீட்டில் வைத்துக் கட்டி, கராஜ் முன்னால் இறங்குகிற பள்ளத்தில் காரை ஓடவிட்டு பிரேக்கை மிதித்தாய். பெல்ட் கழலவில்லை, சீட்டே பெயர்ந்து மூட்டையோடு போய் முன்னால் மோதியது. அரிசி வழி நெடுகச் சிந்திக் கிடந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு, "கட்டுனா மட்டும் போதாது, எதுல கட்டுறோம்னு பாக்கணும்" என்றாய். அடுத்தது தரைப் பலகையில் துளை போட்டாய், பலகை வெடித்தது. கடைசியில் பலகையையும் தாண்டி அடியில் இருக்கிற இரும்புச் சேஸிக்கே போனாய். உள்ளங்கை அகலத்தில் இரும்புத் தகடு வெட்டி, அதற்கு மேல் தடித்த போல்ட்டு, இரண்டு நட்டு. மறுபடியும் அதே மூட்டை, அதே பள்ளம். அரிசி மூட்டை அசையவில்லை. பாஸ் சிரிப்பை நிறுத்திக்கொண்டு காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி உன் முதுகில் தட்டினார். அதற்குப் பிறகு ஊரில் நாலு பேர் தங்கள் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துணிக்கடை காதர் நானாவும் அதில் ஒருவர்.

சரசு உன் பெண்சாதியாக வந்த பிறகுதான் பின் சீட்டுக்கும் போட்டாய். வட்டகொடைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னால் காரில் ஏறியே பார்க்காத பெண். ஏறினதும் சேலையை ஒதுக்கி உட்கார்ந்து, "டிரைவர், போகலாம்" என்பாள் உன்னைப் பார்த்து. "எங்க போகணும் தொரசானி?" என்பாய் நீ. பக்கத்தில் நான் ஒருத்தி இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோகும். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மாதமே பின் சீட்டின் அடியில் படுத்துவிட்டாய். அவளுக்கொன்று, எனக்கொன்று. அவள் பக்கத்துக் கொக்கியில் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்திருந்தது. வேறு கொக்கி சாக்கில் இல்லை. இரும்பறுக்கிற பழைய பிளேடு ஒன்றை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, வளைத்து, நீயே ஒரு ஸ்பிரிங் செய்து போட்டாய். நூறு தடவை மூடித் திறந்து பார்த்தாய். அந்த ஸ்பிரிங்தான் இப்போது உன்னைப் பட்டிப்பொலயில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரிந்ததை நான் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவத்துக்குச் சரசு வட்டகொடையில் அப்பா வீட்டில் இருந்தாள். நானும் துணைக்குப் போயிருந்தேன். நாளுக்கு முந்தியே வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கெடக்கு. என் கையில ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றாள். நீ ஹட்டனிலிருந்து காரோடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். மஞ்சு இறங்கி ரோட்டைப் பனி மூடிவிட்டது. மேல் ரோட்டு வளைவில் விறகு லொறி எதிரே வந்தது. நீ மலைப்பக்கம் ஒடித்தாய். சக்கரம் ரோட்டோரக் கான் வாய்க்காலுக்குள் இறங்கி, கார் பாறையில் இடித்துச் சாய்ந்தது. சரசு பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. அவள் வெளியே போய் விழுந்தாள். நான் பெல்ட்டோடு சீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன், தொடையில் ஒரு கன்றலோடு. ஆஸ்பத்திரிக்கு நாம் கொண்டுபோனது இரண்டு உயிரும் போன உடம்பைத்தான்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

வலி கண்ட பெண் இருக்கிற வீட்டில் முடிச்சு எதுவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் பெண்களின் வழக்கம். நீ வருவதற்கு முன்னாலேயே அந்த லயத்துக் காம்பிரா அறையில் எல்லாவற்றையும் அவிழ்த்திருந்தோம். அவள் கொண்டையை அவிழ்த்தோம், முந்தானை முடிச்சை அவிழ்த்தோம், தகரப் பெட்டியைத் திறந்து வைத்தோம், கொடிக்கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டோம். வீட்டில் கட்டிக்கிடப்பது எல்லாம் அவிழ்ந்தால்தான் வயிற்றில் இருப்பதும் வழிவிடும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். நீ வந்து அவளைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து, பெல்ட்டைப் போட்டாய். "வயித்து மேல வரக்கூடாது சின்னம்மா. கீழ, இடுப்பு எலும்புல இருக்கணும். இந்தா பாருங்க, ரெண்டு வெரல் போகுது. இறுக்காது" என்று எனக்குக் காட்டினாய். என் பெல்ட்டையும் நீயே மாட்டினாய். கம்பளியால் அவளை மூடிவிட்டு ஸ்டியரிங்குக்கு ஓடினாய்.

அவள் வளைவுக்கு வளைவு துடித்தாள். பிள்ளை இறங்கவில்லை. நான் முருகனைக் கூப்பிட்டேன். கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: எல்லா முடிச்சையும் அவிழ்த்தோமே, இந்த ஒரு கட்டு மட்டும் இருக்கிறதே, அதுவும் இடுப்பிலேயே. இதுதான் தடுக்கிறது. உன்னிடம் சொன்னால் நீ விடமாட்டாய் என்று தெரியும். கம்பளிக்கு அடியில் கையை விட்டேன். நீ செய்த ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தது தெரியுமா? ஒரு கையால் கொக்கியின் மூடியைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையையும் விட்டு, நகம் பெயரத் தூக்கினேன். அப்புறம்தான் கழன்றது. இஞ்சின் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வளைவோ நாலு வளைவோதான்.

உன் கொக்கி தானாகத் திறக்கவில்லை தம்பி. உன் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கவில்லை. நான் திறந்தேன். என் பெல்ட்டை நான் தொடவில்லை. எனக்குத்தான் வலி இல்லையே. அதனால் நான் உயிரோடு இருக்கிறேன். ஒரே கை போட்ட இரண்டு பெல்ட்டில் ஒன்று பிடித்தது, ஒன்று விட்டது என்று ஊர் பேசியது. இரண்டுமே பிடித்திருக்கும்.

அந்தச் சாயங்காலம் நீ காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கொக்கியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாய். மூடுவாய், இழுத்துப் பார்ப்பாய், பிடிக்கும். மறுபடியும் மூடுவாய். "இப்ப புடிக்குது சின்னம்மா. அப்ப ஏன் விட்டுச்சி?" என்று கேட்டாய். என்னிடம்தான் கேட்டாய். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். நான் அழுதேன். அழுகிறவளிடம் யார் மறுபடி கேட்பார்கள்? அழுகையை நான் பதிலுக்குப் பதிலாக வைத்துக்கொண்டேன்.

விசாரணையில் போலீஸ் சார்ஜன்ட் மாத்தையா கொக்கியைக் கையில் எடுத்துக் கேட்டபோது, "நான் போட்ட ஸ்பிரிங்தான் விட்டுருச்சி. வேற காரணம் இல்ல" என்று நீ சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே, பெல்ட் எப்படிக் கழன்றது என்று கேட்டார். நல்ல மனுஷர், மெதுவாகத்தான் கேட்டார். "தன்னே நே மாத்தையா" என்றேன். தெரியாது ஐயா என்பதை அவருடைய சிங்களத்திலேயே சொன்னேன். என் பாஷையில் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் எழுதிக்கொண்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். குனிந்த தலையை இன்னும் நிமிர்த்தவில்லை என்று சொல்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். முதல் நாள், உன்னை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் சொல்லவில்லை. அடுத்த வாரம், அன்றைக்கே சொல்லவில்லையே, இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. அப்புறம் நீ ஊரார் கார்களிலிருந்து உன் பெல்ட்டுகளையெல்லாம் கேட்டு வாங்கி ஆற்றில் எறிந்துவிட்டு, சொல்லாமல் புறப்பட்டுப் போய்விட்டாய். உன்னை இழந்துவிடுவேன் என்று பயந்துதான் வாயை மூடினேன்; அப்படியும் இழந்துதான் போனேன். இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறேன். கதிர்காமத்துக்கு நடந்தும் போய்வந்தேன்; காலெல்லாம் புண். என் பக்தியைப் பார்த்து ஊர் கும்பிடுகிறது. நான் சாமிக்குக் கொடுத்ததெல்லாம் வாய்ப்பூட்டுக்குக் கூலி. திரை விலகித் தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். உருகுகிறாள் என்று நினைத்தார்கள்.

இப்படியே செத்திருப்பேன் தம்பி, காதர் நானா வராவிட்டால்.

போன மழையில் அவருடைய காரும் ரோட்டோரக் கரையில் மோதியது. பெரிய மோதல் இல்லை. விளக்கு உடைந்தது, மட்கார்டு நெளிந்தது, அவ்வளவுதான். ஆனால் முன் சீட்டில் இருந்த மூத்த மகள் கண்ணாடியில் போய் விழுந்தாள். பதினொரு வயசு. ஒரு கண் போய்விட்டது. அந்தச் சீட்டில் நீ போட்ட பெல்ட் இருந்தது. நீ கேட்டபோது அவரே கழற்றிக் கொடுத்தார். அவர் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, ஒன்டு கேக்கணும். அன்டைக்கி நீங்க சரசு புள்ளைக்குப் பக்கத்திலதானே இருந்தீங்க. தம்பி போட்ட பெல்ட்டு உண்மையாவே தானாத்தான் கழண்டதா?"

நான் தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அப்பிடிக் கழண்டிருந்தா, நான் எடுத்துப்போட்டது சரி. இருந்திருந்தாலும் என்ட மகளுக்கு இதுதான் நடந்திருக்கும். அல்லாஹ் எழுதினது என்டு நிம்மதியா இருப்பன். அத மட்டும் சொல்லுங்க."

பார்த்தாயா தம்பி, எப்பேர்ப்பட்ட இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார் கடவுள்! பொய்யைச் சொன்னால் அந்த மனுஷன் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். உண்மையைச் சொன்னால் ஆயுசு முழுக்கத் தூங்கமாட்டார். கருணையைக் காரணம் காட்டியே இன்னொரு தடவை வாயை மூடிக்கொள்ள எனக்கு வழி திறந்துவிட்டிருந்தது. மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன். அப்போது அவர், "வீட்டில இன்னும் ரெண்டு பேர் ஈக்கிறாங்க, சின்னது. அதுகளையும் அதே கார்லதான் பள்ளிக்குக் கொண்டுபோறன்" என்றார்.

சொல்லிவிட்டேன். உனக்கு மேலே எழுதினதையெல்லாம் சொன்னேன். அவர், "அப்ப நான்தான்" என்றார். "இல்ல நானா. நீங்க என் பொய்ய நம்பினீங்க. நான்தான்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, "தம்பியக் கூப்புடுங்க. அவர்ட கையாலயே போடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அதற்கடுத்த நாள் வட்டகொடைக்குப் போனேன். சரசு அப்பாவின் காம்பிரா வாசலிலேயே நின்று, உள்ளே போகாமல், அவரிடமும் சொன்னேன். அவர் வயசாளி. மகள் போன பிறகு பேச்சு குறைந்துபோனவர். கேட்டு முடித்துவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். உன் மேல் வைத்திருந்த வருத்தத்தைப் பற்றி இல்லை, என்னைப் பற்றியும் இல்லை.

"பெல்ட்ட அவுத்து விடச் சொல்லி எம் புள்ள கேட்டுச்சா?"

அதை நான் காதர் நானாவிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் மேலே அந்த இடத்தைத் தாண்டித்தான் எழுதினேன். நீ கவனித்திருக்கமாட்டாய். அவள் கேட்கவில்லை தம்பி. நான் கம்பளிக்குள் கையை விட்டபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேணாம் அத்தை. அவரு மாட்டுனது, இருக்கட்டும்" என்றாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாதுடி, பேசாம இரு" என்றேன். அவளுக்கு அடுத்த வலி வந்தது. கை தளர்ந்தது. அந்த நேரத்தில் கழற்றினேன்.

அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அது அவர் நியாயம். நான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தேன்.

உனக்கு நான் இனிமேல் புத்தி சொல்ல அருகதை இல்லை. ஆனாலும் வளர்த்தவள் வாய் சும்மா இருக்காது. ஒருத்தர் வலியில் துடிக்கும்போது எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகு. நீ செய்த வேலையின் மேல் உனக்குச் சந்தேகம் வந்தால் கொக்கியை மட்டும் சோதிக்காதே, பக்கத்தில் இருந்தவர்களையும் கேள். அழுதாலும் விடாமல் கேள். ஓட்டத்தில் கதவு தானாக விரிந்துகொள்ளாதபடி, அந்தப் பழைய கார்களின் பின் கதவுக் கீலை முன்பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்றும் பார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? இரண்டு வருஷமாக வேறு எதைப் பற்றி நான் யோசித்தேன்?

காதர் நானாவின் கார் கராஜில்தான் நிற்கிறது. பெல்ட் போடாமல் எடுக்கமாட்டேன் என்கிறார். பிள்ளைகள் இரண்டும் மழையில் நடந்து பள்ளிக்குப் போகின்றன. பாஸிடமும் சொல்லிவிட்டேன். அவர் உன் பழைய தகடுகளின் அளவைத் தேடி எடுத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். நீ வந்தால் என் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. கராஜிலேயே தங்கலாம், பாஸ் இடம் தருவார். ரோட்டில் எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போ. நான் கூப்பிடமாட்டேன். சார்ஜன்ட் மாத்தையாவிடம் போய் அன்றைக்குச் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கத் திங்கட்கிழமை போகிறேன். அவர் என்ன செய்தாலும் சரி.

மன்னிப்புக் கேட்டு முடிக்க நினைத்துத்தான் இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன். கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு மறுபடியும் அங்கே போய்க் கல் தள்ளிக்கொண்டிருப்பாய். எனக்கு அது வேண்டாம். இந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி இருப்பதையெல்லாம் நீ மறந்தாலும் சரி. சரசு சொன்னதை மட்டும் வைத்துக்கொள். அத்தனை வலியிலும் அவள் அந்தப் பெல்ட்டை விடவில்லை. அவள் நம்பினது சரிதான், தம்பி.